தூங்கவைக்கும் இலை

எங்கள் வீட்டில் லெமன் பாம் இருக்கிறது என்று நான் வகுப்பில் சொன்ன அன்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாதே, உள்ளே பாம் இருக்கலாம் என்று பஸ்ஸிலும் ரயில் நிலையத்திலும் கேட்டுக் கேட்டே வளர்கிற டெல்லிப் பிள்ளைகள் நாங்கள். விஷயம் டீச்சர் வரைக்கும் போனது. அது வெடிக்காது, செடி, இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும் என்று எழுந்து நின்று விளக்கவேண்டியிருந்தது. மறுநாள் நாலு இலை கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் முகர்ந்து பார்த்துவிட்டு அதைத் தன் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டுக்கொண்டார். பழைய தோழி பழைய இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

அந்தச் செடியைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அவர் ராணுவத்தில் இருந்தார். இமாசலத்தில் மலைமேல் ஏதோ ஒரு முகாமில் வேலை. விடுமுறைக்குத் தென்காசிப் பக்கம் ஊருக்குப் போகிறபோதெல்லாம் டெல்லியில் இறங்கி, ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஓரிரு நாள் தங்கிவிட்டுத்தான் ரயில் ஏறுவார். வழக்கமாக ஆப்பிளோ அக்ரூட்டோ கொண்டுவருகிற மனிதர், அந்தக் குளிர்கால ஆரம்பத்தில், கழுத்தை அறுத்த தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மண்ணும் ஒரு குட்டிச் செடியுமாக வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

பார்த்ததும் புதினா என்றுதான் அம்மா நினைத்தாள். பட்டை பட்டையாகத் தண்டு, ஓரத்தில் பல் பல்லாக வெட்டு, சுருக்கம் விழுந்த இலை. ஆனால் பச்சை கொஞ்சம் வெளிறியிருந்தது. சித்தப்பா ஓர் இலையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். எலுமிச்சம்பழத் தோலில் நகம் பட்டதுபோல வாசம் எழும்பியது.

"இதுக்குப் பேரு லெமன் பாம், மதினி. தூக்கம் வராதவங்களுக்கு இதுல டீ போட்டுக் கொடுத்தா நல்லா உறங்குவாங்க."

"தலவலிக்குத் தேய்க்குத பாமா? அதைச் செடியாவா வளக்காங்க?" என்றாள் அம்மா.

உண்மையில் அந்த மருந்து தேவைப்படாத ஒரே வீடு டெல்லியில் இருந்திருக்குமானால் அது எங்கள் வீடுதான். அப்பா பஸ்ஸில் நின்றபடியே தூங்கி, இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போனவர். அம்மா தலையணையில் தலை படுவதற்கு முன்பே பாதித் தூக்கத்தில் இருப்பாள். என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பள்ளி பஸ் வந்து ஹார்ன் அடிக்கும் வரை எனக்கு விடிந்ததே கிடையாது.

ஆனாலும் அப்பா அந்தச் செடியைத் தத்தெடுத்துக்கொண்டார். வெள்ளையடித்துவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் கலந்து, பால்கனியில் வெயில் சாய்ந்து விழுகிற மூலையில் அதை நட்டார். ஜனவரிப் பனியில் அது கருகிச் சுருண்டபோது அம்மா தூக்கி எறியப் போனாள். சித்தப்பாவுக்குப் போன் போயிற்று. மேலே செத்தாலும் வேர் சாகாது, தரையோடு வெட்டிவிட்டுச் சும்மா இருங்கள் என்றார் அவர். சும்மா இருப்பது அப்பாவுக்குக் கைவந்த கலை. பிப்ரவரி முடிவதற்குள் வெட்டிய இடத்தில் பொடிப் பொடியாகத் துளிர் வந்தது. ஹோலிக்கு முன்னால் வாளியின் விளிம்பே தெரியாதபடி மூடிக்கொண்டது.

வந்ததை என்ன செய்வது என்பது அடுத்த பிரச்சினை. புதினாத் துவையல் மாதிரி அரைத்துப் பார்த்தாள் அம்மா. ஷாம்பூவைத் தொட்டுத் தோசை தின்றதுபோல் இருந்தது. பால் டீயில் போட்டதை அப்பாவே பாதியோடு வைத்துவிட்டார். ரசத்தை இறக்கும்போது கொத்துமல்லியோடு இரண்டு இலை கிள்ளிப் போட்டது மட்டும் தப்பித்தது. கடைசியில் சித்தப்பா சொன்ன முறையே நிலைத்தது. பாலும் கூடாது, இலையைக் கொதிக்கவிடவும் கூடாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இலையைக் கையால் கிள்ளிப் போட்டு, வாசம் ஓடிவிடாதபடி தட்டால் மூடவேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வடிகட்டி, துளி தேன். லேசான மஞ்சள் நிறத்தில், புல்லும் எலுமிச்சையும் சேர்ந்த ஒரு ருசி. குடித்துவிட்டு நாங்கள் எல்லோரும் எப்போதும்போலத் தூங்கினோம்.

ஹோலி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது, காலியாகக் கிடந்த மேல்வீட்டுக்கு ஆள் வந்தது. எங்களுக்கு மேலே அந்த ஒரு வீடுதான், அதற்கு மேல் மொட்டைமாடி. வந்தவர் ஒரு பெண், தனியாக. அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவர். கையில் ஒரு டிபன் பையோடு காலையில் இறங்கிப் போவார், மாலையில் ஏறி வருவார். படிக்கட்டில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவார். அவருடைய கணவர் இறந்துபோனதால் அரசாங்கம் அவருக்கு வேலை கொடுத்திருக்கிறது என்றும், முன்பு இருந்த பெரிய வீட்டை விட்டுவிட்டு இந்த வேலைக்குரிய சின்ன வீட்டுக்கு வந்திருக்கிறார் என்றும் அப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். ஒருவர் இறந்தால் இன்னொருவருக்கு வேலை கிடைக்கும் என்பது எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. அதைப் பரிசு மாதிரி ஏதோ ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் நடந்தார். அதுதான் தொல்லை. பகலில் மூச்சுக் காட்டாத வீடு, நாங்கள் படுத்தபிறகு உயிர் பெற்றது. அடுக்களையிலிருந்து ஜன்னல் வரைக்கும், ஜன்னலிலிருந்து அடுக்களை வரைக்கும், ரப்பர் செருப்பு தரையில் அடித்து அடித்து எழுகிற சத்தம். நடுவில் கொஞ்சம் நிற்கும். அப்பாடா என்று கண்ணை மூடினால் மறுபடி தொடங்கும். அந்தக் குவார்ட்டர்ஸ் கூரையெல்லாம் சும்மா பேருக்குத்தான், மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால் கீழே நாம் குனிந்து தேடுவோம்.

அப்பா அந்தக் கோடையில் பதவி உயர்வுப் பரீட்சை எழுதவேண்டியிருந்தது. இரண்டு முறை எழுதி நழுவிப்போன பரீட்சை. விடியற்காலையில் எழுந்து படித்துவிட்டு அலுவலகம் போவார். பஸ்ஸில் நின்றபடி தூங்கிய மனிதர், இப்போது படுக்கையில் விழித்துக் கிடந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்தது. சாம்பாரில் உப்பு இல்லை என்று, இருந்த உப்பையும் மறந்து, சண்டை போட்டார்.

"என்னத்த நடை இது? ராத்திரி பூரா பாரா போடுத மாதிரி!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே போனார். கூடவே என்னையும் கூட்டிப்போனார். அவருடைய ஹிந்தி அலுவலக ஹிந்தி. மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்க அது போதும், சண்டைக்குப் போதாது. டெல்லியிலேயே பிறந்த எனக்கு ஹிந்தி தண்ணீர்பட்ட பாடு, தமிழ்தான் தடுக்கும். அதனால் எங்கள் வீட்டில் காய்கறிக்காரர் முதல் கேஸ்காரர் வரை எல்லோருக்கும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

ஆனால் அன்று அப்பா என்னை எதிர்பார்க்கவில்லை. கதவு திறந்ததும் தானே தொடங்கிவிட்டார். "மேடம், ஆப் சல்தே ஹைன், ஹம் ஜாக்தே ஹைன்." நீங்கள் நடக்கிறீர்கள், நாங்கள் விழிக்கிறோம். இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. அந்த ஆன்ட்டியின் முகம் சிவந்தது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, "மாஃப் கீஜியே, பாயி சாப்" என்று அண்ணனிடம் கேட்பதுபோல மன்னிப்புக் கேட்டார். அப்பா தோற்றவரைப்போல இறங்கி வந்தார். இரண்டு நாள் சத்தம் இல்லை. மூன்றாவது நாள் வந்துவிட்டது. கொஞ்சம் மெதுவாக, ஆனால் அதே நடை.

குடியிருப்போர் சங்கத்தில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றார் அப்பா.

"தனியா இருக்குத பொம்பளையப் பத்திச் சங்கத்துல போய்ச் சொல்லுவீயளா? நாலு பேரு நாலு விதமாப் பேசுததுக்கா?" என்றாள் அம்மா. பிறகு பால்கனியைப் பார்த்தாள். "தூக்கம் வராமத்தானே நடக்காங்க. தூக்கத்துக்குத்தானே இந்தச் செடி. ஒரு வாரம் குடுத்துப் பாப்போம்."

அன்று மாலையே நானும் அம்மாவும் பிளாஸ்க்கோடு மேலே போனோம். அம்மாவின் ஹிந்தி அப்பாவுடையதைவிட மோசம். ஆண், பெண் வித்தியாசமே அதில் கிடையாது. அவள் சொல்வாள், "இதைக் குடிச்சா மனசு அடங்கும், தூக்கம் வரும், எங்க கொழுந்தன் மலையில இருந்து கொண்டுவந்ததுன்னு சொல்லு." நான் சொல்வேன். "அவரு கோபமாப் பேசினத மனசுல வச்சுக்கிடவேண்டாம், பரீட்சை அவருக்குன்னு சொல்லு." அதையும் சொன்னேன். ஆன்ட்டி பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றி, குடிப்பதற்கு முன் வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு குடித்தார். அச்சா ஹை, நன்றாக இருக்கிறது என்றார். அம்மாவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு விட்டார்.

அதிலிருந்து மேல்வீட்டுக்கு டீ கொண்டுபோவது என் வேலையாயிற்று. கீழே விளையாடி முடித்து வந்ததும் நானே செடியில் நுனிக் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளுவேன். நுனியைக் கிள்ளக் கிள்ளத்தான் பக்கத்தில் கிளை பிரியும், பூக்கவிட்டால் இலை ருசி போய்விடும் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா வெந்நீர் ஊற்றி மூடி, வடிகட்டி, பிளாஸ்க்கில் கொடுப்பாள். நான் படியேறுவேன்.

ஆன்ட்டியின் வீடு எனக்குப் பிடித்திருந்தது, காரணம் அதில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டில் நடக்கவே இடம் கிடையாது. அங்கே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தகர டிரங்குப் பெட்டி, சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ. மற்றதெல்லாம் வெறும் தரை. அதில் சறுக்கி விளையாடலாம். ஆன்ட்டி எனக்கு மட்ரி கொடுப்பார், ஓமம் போட்ட வடநாட்டுத் தட்டை. என்னைக் குடியா என்று கூப்பிடுவார், பொம்மை என்று அர்த்தம். நான் மட்ரியைக் கடித்தபடி பள்ளிக்கூடத்தில் நடந்தது, கீழே நடந்தது, வீட்டில் நடந்தது எல்லாவற்றையும் சொல்வேன். கேட்பதற்கு அப்படி ஒரு ஆள் அதுவரை எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டில் நடந்ததில் அவருடைய நடையும் உண்டு. ஒருநாள் அதையும் சொன்னேன். அப்பா எப்படிப் போர்வைக்குள் பல்லைக் கடிப்பார் என்று நடித்துக் காட்டினேன். சங்கத்தில் சொல்லப்போகிறேன் என்று அவர் கத்தியதையும், அம்மா தடுத்ததையும் சொன்னேன். முதலில் ஆன்ட்டி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னும் கேட்கிறதா, குடியா?"

கேட்கிறது என்றேன்.

"நீங்கள் எந்த இடத்தில் படுப்பீர்கள்?"

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இரண்டு வீடும் ஒரே அமைப்பு, ஒன்றின் தலையில் இன்னொன்று. நான் அறை முழுக்க நடந்து, இதற்கு நேர் கீழே அப்பாவின் தலைமாடு, இங்கே அம்மா, இதோ இந்த ஜன்னலுக்குக் கீழே என் கட்டில் என்று ஒவ்வொரு இடத்திலும் குதித்துக் காட்டினேன். ஆன்ட்டி பின்னாலேயே வந்து எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சத்தம் நின்றது. ஒருநாள், இரண்டு நாள், ஒரு வாரம். அப்பா முதலில் நம்பவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு பழைய குறட்டை திரும்பி வந்தது. டீ வேலை செய்கிறது என்று வீட்டில் முடிவாயிற்று. அம்மா ஒன்றும் பெருமை பேசவில்லை, ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவள் முகத்தில் ஒரு டாக்டரின் களை இருந்தது. பேசுகிற வேலையை அப்பா பார்த்துக்கொண்டார். அலுவலகத்தில் சொன்னார். முருகன் கோயிலான மலை மந்திருக்குக் கிருத்திகையன்று போனபோது வரிசையில் நின்றவர்களிடம் சொன்னார். பக்கத்து பிளாக்கிலிருந்து ஒரு மாமி வந்து கிளை கேட்டார். எதிர் வீட்டு சர்தார் அங்கிள் தன் அம்மாவுக்காக வாங்கிப்போனார். கிளையைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை உதிர்த்து, டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் வெள்ளை நூலாக வேர் விடும். எங்கள் அடுக்களை ஜன்னலில் எப்போதும் அப்படி நாலைந்து டம்ளர் நின்றுகொண்டிருந்தன. ஆன்ட்டிக்குக் கிளை கொடுக்கவில்லை. வாளியைக் கவிழ்த்து வேரோடு ஒரு பாகத்தைப் பிரித்து, மண்தொட்டியில் நட்டே கொடுத்தாள் அம்மா.

மே மாதம் பாதி தாண்டியபோது அனல்காற்று தொடங்கியது. செடிகள் ஒவ்வொன்றாகப் போயின. மாமியுடையது போயிற்று, சர்தார் அங்கிளுடையது போயிற்று. எங்கள் வாளிக்கு அப்பா ஈரச் சாக்கு சுற்றினார், பழைய வேட்டியால் பந்தல் போட்டார், கடைசியில் கூலருக்குப் பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார். இலைகள் ஓரம் கருகி, காகிதம்போல ஆகி, உதிர்ந்தன. மேலே ஆன்ட்டியின் தொட்டி மட்டும், மொட்டைமாடிச் சூடு முழுக்க இறங்குகிற அந்த வீட்டில், மார்ச் மாதத்துச் செடிபோல நின்றது. எப்படி என்று கேட்டேன். பகலில் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் வெளியே எடுப்பாராம். இருட்டில் எத்தனை தடவை வேண்டுமானாலும் தண்ணீர் தெளிப்பாராம்.

"ராத்திரி நானும் அதுவும் பேசிக்கொண்டிருப்போம்" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். செடி எப்படிப் பேசும்?

அந்த வீட்டுத் தரையும் அதற்குள் மாறியிருந்தது. முதலில் ஒரு ஜமக்காளம் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு டிரங்குப் பெட்டியிலிருந்து குளிர்காலத்தில் போர்த்துகிற கனத்த பஞ்சு ரஜாய்கள் வெளியே வந்து, அடுக்களை வாசலிலிருந்து ஜன்னல் வரை நீளமாக, மடித்து மடித்து, ஒரு பாதை மாதிரி விரிந்தன. சறுக்க முடியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் குட்டிக்கரணம் போட அதைப்போல வசதி வேறு இல்லை. ஆன்ட்டி செருப்பு போடுவதை விட்டுவிட்டு, காலில் கம்பளிச் சாக்ஸ் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, உன் அப்பாவின் பரீட்சைக்கு என்றார். அப்பா பாஸாக வேண்டும் என்று ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்தேன். பழனிக்கு நடக்கிறவர்கள் செருப்பில்லாமல் நடப்பதில்லையா, அந்த மாதிரி. சத்தம் எங்களுக்குக் கேட்கக்கூடாது என்பதற்காகவும்தான் என்று அவரே ஒருநாள் சொன்னார். அதுவும் எனக்கு நியாயமாகவே பட்டது. வீட்டில் யாரிடமும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் செடி முழுவதும் போனபிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா, ஆன்ட்டியிடமிருந்தே ஒரு கிளை வாங்கி வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு மேலே போனாள். கதவு திறந்ததும் அடுப்பைத் திறந்ததுபோல வெக்கை முகத்தில் அடித்தது. நேராக உள்ளே போய்விட்ட எனக்கு, அம்மா பின்னால் வரவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் வாசலுக்குள் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆன்ட்டியின் கால்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ரஜாயின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்குன்னு கேளுட்டி."

கேட்கவேண்டிய அவசியமே எனக்கு இல்லை. "ஆன்ட்டி நடக்கிற சத்தம் நமக்குக் கேட்கக்கூடாதுன்னு போட்டிருக்காங்க. நம்ம கட்டில் எங்க எங்க இருக்குன்னு நான்தான் காட்டினேன்" என்றேன் பெருமையாக.

"அப்ப உறங்கவே இல்லையா? கேளு."

கேட்டேன். ஆன்ட்டி சங்கடத்தோடு சிரித்தார். இலை ரொம்ப நல்லது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். தினமும் குடிக்கிறாராம், நெஞ்சு குளிர்கிறதாம். தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை, அது இலையின் குற்றம் இல்லை என்றார். பிறகு மெதுவாக இன்னும் கொஞ்சம் சொன்னார். அவருடைய கணவருக்கு இரவு ஷிப்ட். அவர் தெருவில் வருகிறாரா என்று பார்க்க ஜன்னலுக்குப் போவது, சாப்பாட்டைச் சூடாக்க அடுக்களைக்குப் போவது, மறுபடி ஜன்னலுக்குப் போவது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அதுதான் பழக்கம். அந்த நேரம் வந்தால் கால் படுக்கையில் நிற்கமாட்டேன் என்கிறது.

என் தமிழ் அவ்வளவு நீளத்துக்குத் தாங்காது. சுருக்கிச் சொன்னேன்.

"அங்கிள் லேட்டா வருவாங்களாம்மா. அதுவரைக்கும் ஆன்ட்டி முழிச்சிருப்பாங்களாம்."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் ஏதோ தப்பாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று பயந்துபோய் மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அம்மா தரையில் உட்கார்ந்து ரஜாய்களை மடிக்கத் தொடங்கினாள். ஆன்ட்டி பதறி, வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடித்தார். பாயி சாபின் பரீட்சை என்றார். அம்மா விடவில்லை. ஒவ்வொன்றாக மடித்து டிரங்குப் பெட்டியின்மேல் அடுக்கினாள். கதவுக்குப் பின்னால் தள்ளிவைத்திருந்த ரப்பர் செருப்பைத் தேடி எடுத்து, ஆன்ட்டியின் காலருகே கொண்டுவந்து வைத்தாள். பிறகு, என்னைக் கூப்பிடாமல், தன் சொந்த ஹிந்தியில் பேசினாள்.

"ஆப் சலோ. சப்பல் பஹன்கே சலோ. ஹம் சோயேகா."

நீங்கள் நடங்கள், செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள், நாங்கள் தூங்கிக்கொள்வோம். சோயேகா தப்பு, சோயேங்கே என்று சொல்லவேண்டும். நான் திருத்த வாயெடுத்தேன். ஆனால் அந்த இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்துக்கொண்டிருந்ததால் இலக்கணத்தைக் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. கிளை வாங்கவும் மறந்துவிட்டோம்.

கீழே வந்து அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வெக்கையில, ரஜாய் மேலயா நடந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதையே கேட்டார். பரீட்சைக்கு அப்போது ஒரு வாரமோ என்னவோதான் இருந்தது.

பிளாஸ்க் எங்கள் செடியோடு போயிருந்தது, மறுநாளிலிருந்து படியேறுகிற என் வேலையும் போய்விட்டது. மாலையில் அம்மாவே மேலே போனாள், வெறுங்கையோடு. நானும் வருகிறேன் என்றால், ஹோம் வொர்க்கை முடி என்பாள். ஹிந்தி தெரியாத அம்மாவும் தமிழ் தெரியாத ஆன்ட்டியும், மொழிபெயர்க்க ஆளில்லாமல், அப்படி என்னதான் பேசமுடியும் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. மட்ரியும் போயிற்று. மழை வந்தபிறகு ஆன்ட்டியின் தொட்டியிலிருந்து ஒரு பாகம் எங்கள் வாளிக்குத் திரும்பி வந்தது. அதிலிருந்து இறங்கிய செடிகள் பிறகு யார் யார் வீட்டிலோ வளர்ந்தன. அப்பா அந்த முறை பரீட்சையில் தேறினார். ஆன்ட்டி அந்த வீட்டில் பல வருஷம் இருந்தார். நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்போது, படுத்தவுடன் தூங்கிவிடுகிற அளவுக்கு அவருக்குத் தூக்கம் கூடியிருந்தது என்று அம்மா சொல்வாள்.

ஆனால் அந்த ஜூன் மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். நாங்கள் தோற்றுவிட்டோம். சத்தம் நின்றால் மருந்து வேலை செய்கிறது, சத்தம் கேட்டால் செய்யவில்லை. கணக்கு அவ்வளவு எளிது. அடுக்களையிலிருந்து ஜன்னலுக்கும் ஜன்னலிலிருந்து அடுக்களைக்கும் செருப்புச் சத்தம் முழு வேகத்தில் திரும்பி வந்த முதல் நாள், நான் அவமானத்தோடு கட்டிலில் விழித்துக் கிடந்தேன். இனி வகுப்பில் என்ன சொல்வது? எல்லோருக்கும் கிளை கொடுத்தோமே, அவர்களுக்கு என்ன சொல்வது?

பக்கத்துக் கட்டிலில் அம்மா, "கேக்குதா?" என்றாள்.

"கேக்குது" என்றார் அப்பா.

அப்போது அவர்கள் இருவரும் லேசாகச் சிரித்ததுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குறட்டை தொடங்கியது. இவ்வளவு மோசமாகத் தோற்றுப்போன ஒரு வைத்தியத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு இவர்களால் எப்படி இத்தனை நிம்மதியாகத் தூங்கமுடிகிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.